கல்லீரல் இரத்த ஓட்டத் தடை ஆய்வில் விலங்கு மாதிரிகளின் வரலாறு

கல்லீரலுக்குச் செல்லும் இரத்தம் குறைவதையோ முற்றிலும் நின்றுபோவதையோ மருத்துவத்தில் கல்லீரல் இஸ்கீமியா என்பர். விபத்தில் கல்லீரல் கிழிந்து இரத்தம் பீறிடும்போதும், கட்டியை வெட்டி எடுக்கும் அறுவையின்போதும், கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையிலும், கடும் அதிர்ச்சியில் இரத்த அழுத்தம் வீழும்போதும் இந்நிலை ஏற்படுகிறது. இத்தடையை மனிதரிடம் சோதனைக்காக உண்டாக்க முடியாது. எனவே ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக நாய், முயல், பன்றி, எலி, சுண்டெலி ஆகிய விலங்குகளில் அதைச் செயற்கையாக ஏற்படுத்தி ஆராய்ந்து வருகின்றனர். இவ்வாறு அமைக்கப்படும் சோதனை முறைகளே விலங்கு மாதிரிகள் எனப்படுகின்றன.

இந்த ஆய்வுகளுக்கு அடிப்படையாக இருந்தது ஓர் எளிய கேள்வி: இரத்தம் இன்றிக் கல்லீரல் எத்தனை நிமிடம் உயிர் பிழைக்கும்? ஒவ்வொரு விலங்கும் இதற்கு வெவ்வேறு விடை தந்தது. சில விடைகள் பல உயிர்களைக் காத்தன. வேறு சில மருத்துவர்களை ஆண்டுக்கணக்கில் தவறான வழியில் நடத்தின. எந்த விடை அந்த விலங்குக்கு மட்டும் உரியது, எது மனிதருக்கும் பொருந்தும் என்று பிரித்தறியக் கற்றுக்கொண்டதே இந்த வரலாற்றின் சாரம்.

கல்லீரலின் இரட்டை இரத்த வழங்கல்

பெரும்பாலான உறுப்புகளுக்குத் தமனி மட்டுமே இரத்தம் கொண்டுவருகிறது. கல்லீரலுக்கு இரண்டு வழிகள் உண்டு. குடல், இரைப்பை, மண்ணீரல் முதலியவற்றிலிருந்து வரும் இரத்தத்தைப் போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. இதயத்திலிருந்து வரும் ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கல்லீரல் தமனி கொண்டுவருகிறது. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. ஆனால் ஆக்சிஜனைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய சரிபாதி அளிக்கின்றன. பித்தநாளங்கள் மட்டும் பெரிதும் தமனியையே நம்பி வாழ்கின்றன.

இந்த அமைப்பால் இரு விளைவுகள் உண்டு. முதலாவது, ஒரு வழி அடைபட்டாலும் மற்றொன்று கல்லீரலைத் தாங்கக்கூடும். இரண்டாவது, போர்ட்டல் சிரையை அடைத்தால் பாதிப்பு கல்லீரலோடு நிற்பதில்லை. குடலிலிருந்து வெளியேற வழியில்லாத இரத்தம் அங்கேயே தேங்குகிறது. வாய்க்காலின் மடையை அடைத்தால் மேல்வயலில் நீர் தேங்குவதைப் போன்றது இது. விலங்கு சோதனைகளில் எழுந்த குழப்பங்கள் பலவற்றுக்கு இந்த இரண்டாவது விளைவே காரணம்.

எக், பாவ்லோவ்: முதல் நாய்கள்

1877இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இராணுவ மருத்துவராக இருந்த நிக்கோலாய் எக், நாய்களின் போர்ட்டல் சிரையைக் கீழ்ப்பெருஞ்சிரையோடு இணைத்தார். குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் நேராக இதயம் நோக்கிச் செல்லும்படி செய்வதே அவர் நோக்கம். மகோதரத்தால் வயிறு வீங்கிய நோயாளிகளுக்கு இம்முறை உதவக்கூடும் என்று அவர் கருதினார். அவர் அறுவை செய்த எட்டு நாய்களில் ஏழு ஒரு வாரத்திற்குள் இறந்தன. எஞ்சிய ஒன்று சுமார் இரண்டரை மாதம் வாழ்ந்து, பின்பு ஆய்வகத்திலிருந்து ஓடிவிட்டது. அந்த ஒரு நாயைக் கொண்டே இந்த அறுவை ஆபத்தற்றது என்ற முடிவுக்கு எக் வந்தார்.

அதே நகரில் இவான் பாவ்லோவும் மார்சல் நென்ஸ்கியும் அவர்களுடைய உடன் ஆய்வாளர்களும் இச்சோதனையைக் கூடுதல் நாய்களில் மீண்டும் செய்து 1893இல் முடிவுகளை வெளியிட்டனர். உயிர் பிழைத்த நாய்கள் முதலில் நன்றாகவே காணப்பட்டன. ஆனால் இறைச்சி உண்டபின் தள்ளாடின, வலிப்புற்றன, நினைவிழந்தன. புரதம் செரித்தபின் உண்டாகும் நச்சுப்பொருளைக் கல்லீரல் மாற்றி அமைக்கிறது என்றும், இரத்தம் கல்லீரலைச் சுற்றிப் போனால் அந்த நச்சு மூளையைத் தாக்குகிறது என்றும் இதிலிருந்து புரிந்தது. அம்மோனியாவும் கல்லீரல் நோயில் வரும் மயக்கமும் தொடர்புடையவை என்ற இன்றைய அறிவுக்கு இது ஒரு தொடக்கம். எக் கண்டது ஒரு நாயின் உயிர்வாழ்வை மட்டுமே. அந்த உயிர்வாழ்வுக்கு என்ன விலை என்பதைக் காட்ட, அதிக நாய்களும் நீண்ட கவனிப்பும் தேவைப்பட்டன.

பிரிங்கிளின் பிடி

இரத்தத்தை நிறுத்துவதையே சிகிச்சையாக்கியவர் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள். கல்லீரல் கிழிந்து வருவோர் பெரும்பாலும் இரத்தம் இழந்தே இறந்தனர். கிழிசலைத் தைப்பதற்குள் வயிறு முழுவதும் இரத்தத்தால் நிறைந்துவிடும். கல்லீரலுக்குள் நுழையும் தமனி, போர்ட்டல் சிரை, பித்தநாளம் மூன்றும் ஒரே கட்டாக ஒரு மெல்லிய சவ்வின் விளிம்பில் செல்கின்றன. அந்தக் கட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்திப் பிடித்தால் இரத்தப் பெருக்கு அடங்கும் என்று 1908இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார்.

அறுவை செய்த நோயாளிகளின் உயிரைக் காக்க அவரால் முடியவில்லை. ஆனால் பிடி பயனளித்தது. இரத்தம் நின்று, காயம் கண்ணுக்குத் தெரிந்தது. தொடர்ந்து முயல்களில் இதைச் சோதித்து நல்ல விளைவுகளைப் பெற்றார். இன்றும் உலகெங்கும் கல்லீரல் அறுவையில் இந்த உத்தி பிரிங்கிளின் பெயராலேயே வழங்குகிறது. விரலுக்குப் பதில் கவ்வியோ நாடாவோ பயன்படுகிறது. எவ்வளவு நேரம் பிடித்திருக்கலாம் என்ற கேள்விக்கு மட்டும் அன்று உறுதியான விடை இல்லை.

கல்லீரல் தமனியும் நாயின் பாக்டீரியாவும்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கல்லீரல் தமனியைக் கட்டினால் என்ன ஆகும் என்பது பெரிய விவாதமாக இருந்தது. நாய்களில் தமனியையும் அதன் கிளைவழிகளையும் முழுமையாகக் கட்டியபோது கல்லீரல் அழுகி, பெரும்பாலான நாய்கள் ஓரிரு நாட்களில் இறந்தன. ஆகவே தமனியைக் கட்டுவது உயிருக்கு ஆபத்து என்ற கருத்து அறுவை மருத்துவத்தில் வேரூன்றியது.

இறப்புக்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்ற ஐயம் மெல்ல எழுந்தது. நலமான நாயின் கல்லீரலிலேயே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் இருப்பது முன்பே அறியப்பட்டிருந்தது. இரத்தம் ஓடும்வரை அவை அடங்கிக் கிடக்கின்றன. தமனி அடைபட்டு ஆக்சிஜன் குறைந்தவுடன் பெருகி, நச்சை வெளியிட்டுத் திசுவை அழிக்கின்றன.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் மார்க்கோவிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1949இல் இதற்குத் தெளிவான சான்று அளித்தனர். தமனி கட்டப்பட்ட நாய்களுக்குப் பெனிசிலின் கொடுத்தபோது அவை பிழைத்தன. தமனியின் இழப்பைப் போர்ட்டல் சிரை தாங்கிக்கொண்டது என்பதும், நாய்களைக் கொன்றது பாக்டீரியாவே என்பதும் இதனால் தெரிந்தது. மனிதக் கல்லீரலில் இயல்பு நிலையில் அத்தகைய பாக்டீரியாக்கள் நாயில் இருப்பதுபோல் குடியிருப்பதில்லை. நாயின் உடலுக்கே உரிய ஒரு தன்மையைக் கல்லீரலின் பொது விதியாக மருத்துவர்கள் எடுத்துக்கொண்டிருந்தனர்.

இதன்பின் கல்லீரல் காயங்களில் வேறு வழியின்றித் தமனியைக் கட்ட நேர்ந்தபோது பல நோயாளிகள் அதைத் தாங்கினர். ஆனால் இதையும் எல்லா நிலைக்கும் பொருத்த முடியாது. மாற்று அறுவையில் புதிய கல்லீரலின் கிளைவழிகள் யாவும் அறுபட்டிருப்பதால், அங்கே தமனி அடைபட்டால் பித்தநாளங்கள் அழிந்து, உறுப்பே பறிபோகக்கூடும்.

இருபது நிமிட வரம்பு

கட்டு முழுவதையும் பிடித்தால் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வியை 1950களின் தொடக்கத்தில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ ரஃபூச்சியும் ஓவன் வாங்கன்ஸ்டீனும் நாய்களில் ஆராய்ந்தனர். இயல்பான உடல் வெப்பநிலையில் சுமார் 20 நிமிடத் தடையை நாய்கள் தாங்கின. அதைத் தாண்டும்போது இறப்பு கூடியது. உடலைக் குளிர்வித்தால் அந்த நேரத்தை நீட்ட முடியும் என்பதும் அக்காலச் சோதனைகளில் தெரிந்தது.

இந்த 20 நிமிடம் அறுவை அரங்குகளில் ஒரு வரம்பாக நிலைத்தது. மனிதக் கல்லீரலுக்கும் அவ்வளவே பொறுதி என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருந்தனர். பெரிய கட்டிகளை இவ்வளவு குறுகிய நேரத்தில் அகற்றுவது கடினம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டியிருந்தது.

இங்கும் நாயின் உடலமைப்பு விடையை மாற்றியிருந்தது. போர்ட்டல் சிரையைப் பிடித்தவுடன் நாயின் குடலில் இரத்தம் தேங்கி, இரத்த அழுத்தம் வீழ்கிறது. அந்த இரத்தத்திற்கு மாற்றுவழிகள் குறைவு. மேலும் நாயின் கல்லீரல் சிரைகளின் சுவரில் உள்ள தசைகள் அதிர்ச்சியில் இறுகி, கல்லீரலிலிருந்து இரத்தம் வெளியேறுவதையும் தடுக்கின்றன. மனிதரில் இத்தகைய இறுக்கம் அந்த அளவில் காணப்படுவதில்லை. ஆக, 20 நிமிடத்தில் தோற்றது நாயின் கல்லீரல் மட்டுமன்று. குடலும் இரத்த ஓட்டமும் பாக்டீரியாவும் அந்தத் தோல்வியில் பங்கு கொண்டிருந்தன.

1966இல் ஹீனியும் உடன் பணியாற்றியோரும் கல்லீரலின் உள்வரும் வழியையும் வெளிச்செல்லும் வழியையும் ஒருங்கே அடைக்கும் முறையை விலங்குகளிலும் சில நோயாளிகளிலும் விவரித்தனர். 1978இல் பிரான்சில் கிளோட் யூகேயும் குழுவினரும் பெரிய கல்லீரல் அறுவைக்கு உட்பட்ட 20 நோயாளிகளை ஆராய்ந்து, இயல்பான வெப்பநிலையிலேயே ஒரு மணி நேரத்தை ஒட்டிய தடையையும் நலமான மனிதக் கல்லீரல் தாங்கக்கூடும் என்று காட்டினர். நாய் தந்த வரம்பைப் போல இது ஏறத்தாழ மூன்று மடங்கு.

டென்வரில் ஒரு பாடம்

கல்லீரல் மாற்று அறுவையில் பழைய உறுப்பை நீக்கிப் புதியதைப் பொருத்தும்வரை போர்ட்டல் சிரையும் கீழ்ப்பெருஞ்சிரையும் அடைபட்டிருக்கும். 1950களின் இறுதியில் பாஸ்டனில் பிரான்சிஸ் மூரும், சிகாகோவிலும் பின்பு டென்வரிலும் தாமஸ் ஸ்டார்சலும் நாய்களில் இந்த அறுவையை உருவாக்கினர். அடைபட்ட இரத்தத்தைக் குழாய்கள் வழியே மேலே திருப்பிவிட்டால்தான் நாய்கள் பிழைத்தன. ஆகவே 1963இல் மனிதரில் முதல் முயற்சிகள் நடந்தபோதும் அதே போன்ற குழாய்கள் பயன்படுத்தப்பட்டன.

அவ்வாண்டு மார்ச் மாதம் நடந்த முதல் அறுவையில் நோயாளி இரத்தப் பெருக்கால் இறந்தார். தொடர்ந்து வந்த நோயாளிகளில், திருப்பு குழாய்களில் உருவான இரத்தக் கட்டிகள் நுரையீரலை அடைந்து பெருந்தீங்கு விளைவித்தன. நீண்டகாலக் கல்லீரல் நோய் உள்ள பல நோயாளிகளின் உடலில் இரத்தம் சுற்றிச் செல்லக் கிளைவழிகள் ஏற்கெனவே விரிந்திருக்கும். அவர்களுக்கு அந்தக் குழாய்கள் இன்றியமையாதவை அல்ல என்பது பின்னாளில்தான் விளங்கியது. நலமான நாயை நோயுற்ற மனிதருக்கு ஈடாகக் கொண்டதன் விளைவு இது. நோயாளி ஓராண்டைத் தாண்டி வாழ்ந்த முதல் வெற்றி 1967இல் கிட்டியது.

ஆனால் இதனால் நாய்ச் சோதனைகள் வீண் என்று ஆகிவிடவில்லை. இரத்தக் குழாய்களை எந்த வரிசையில் இணைப்பது, கல்லீரலை எப்படிக் குளிர்விப்பது, உடல் உறுப்பை நிராகரிப்பதை எப்படி அடக்குவது ஆகியவை நாய்களிடமிருந்தே கற்கப்பட்டன. 1983 அளவில் இரத்தம் உறையாத, இயந்திர இறைப்பியுடன் கூடிய திருப்பு குழாய் பிட்ஸ்பர்க்கில் உருவானபோதும் அது முதலில் விலங்குகளில் சோதிக்கப்பட்டது.

பன்றி

1960களின் நடுப்பகுதியிலிருந்து பிரிட்டனிலும் பிரான்சிலும் பன்றிகள் பயன்பாட்டுக்கு வந்தன. கேம்பிரிட்ஜில் ராய் கானின் குழு பன்றிகளில் கல்லீரல் மாற்று அறுவையை விரிவாகச் செய்தது. பன்றியின் கல்லீரலும் இரத்தக் குழாய்களும் அளவில் மனிதருடையவற்றுக்கு நெருக்கமானவை. நாயைப் போல் கல்லீரல் சிரைகள் இறுகும் தொல்லையும் குறைவு. ஆகவே அறுவை உத்திகளையும் கருவிகளையும் சோதிக்கப் பன்றி ஏற்றதாயிற்று.

பன்றிக்கும் தனக்கே உரிய பண்புகள் உண்டு. நிராகரிப்பைத் தடுக்கும் மருந்து இல்லாமலேயே பல பன்றிகள் மாற்றுக் கல்லீரலை ஏற்றுக்கொண்டன. இது நோய் எதிர்ப்பியலில் ஒரு பெரும் புதிரைத் திறந்தது. அதே சமயம், மனிதரும் அவ்வளவு எளிதில் ஏற்பர் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். போர்ட்டல் சிரையை நீண்ட நேரம் அடைப்பதையும் பன்றி தாங்குவதில்லை. அதற்கும் திருப்பு குழாய் தேவை.

எலியும் சுண்டெலியும்: பகுதித் தடை

குடலில் இரத்தம் தேங்கும் சிக்கலைத் தவிர்க்க ஒரு நேர்த்தியான வழியை எலியின் உடலமைப்பே தந்தது. எலியின் கல்லீரல் தனித்தனி மடல்களாகப் பிரிந்திருக்கிறது. நடுமடலும் இடப்பக்க மடலும் சேர்ந்து கல்லீரலில் ஏறத்தாழ 70 விழுக்காடு. 1931இல் ஹிக்கின்சும் ஆண்டர்சனும் இந்த மடல்களை வெட்டி எடுத்து, எஞ்சிய கல்லீரல் மீண்டும் வளர்வதை ஆராய்ந்தபோது இந்த அமைப்பு பரவலாக அறியப்பட்டது.

பிற்காலத்தில் ஆய்வாளர்கள் இந்த மடல்களை வெட்டாமல், அவற்றுக்குச் செல்லும் குழாய்களுக்கு மட்டும் சிறு கவ்வி இட்டனர். குடலிலிருந்து வரும் இரத்தம் எஞ்சிய 30 விழுக்காடு வழியாகப் பாய்ந்துவிடும். குடல் வீங்குவதில்லை, இரத்த அழுத்தம் வீழ்வதில்லை, விலங்கும் பிழைக்கிறது. கல்லீரலுக்கு மட்டும் நேரும் பாதிப்பைத் தனியே பார்க்க முடிகிறது. பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கவ்வி இருக்கும். பின்பு அதை எடுத்து, சில மணி நேரம் கழித்து இரத்தத்தில் கசிந்துள்ள கல்லீரல் நொதிகளை அளப்பர். திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பர். இன்று மிகப் பரவலாகப் பயன்படும் மாதிரி இதுவே.

இந்த மாதிரியின் துணையால் ஒரு முக்கியமான உண்மை விளக்கம் பெற்றது. பாதிப்பின் பெரும்பகுதி இரத்தம் நின்றபோது நேர்வதன்று. இரத்தம் மீண்டும் பாயும்போதே நேர்கிறது. கவ்வி இருக்கும்வரை செல்கள் ஆற்றல் இழந்து நிற்கின்றன. கவ்வியை எடுத்தவுடன் ஆக்சிஜன் வெள்ளமாக வருகிறது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் ஹார்ட்மட் யேஷ்கேயும் அன்வர் ஃபர்ஹூதும் எலிகளில் செய்த ஆய்வுகள் இப்பாதிப்பை இரு கட்டங்களாகப் பிரித்துக் காட்டின. முதல் சில மணி நேரத்தில் கல்லீரலுக்குள்ளேயே வாழும் குப்ஃபர் செல்கள் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை உமிழ்கின்றன. அதன்பின் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் திரண்டு வந்து தாக்குதலைத் தொடர்கின்றன. 1990இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கொலெட்டியும் குழுவினரும் இதில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்னும் அழற்சிப் புரதத்தின் பங்கைக் காட்டினர்.

1990களில் குறிப்பிட்ட மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் கிடைத்ததும் இன்னும் நுட்பமான கேள்விகளைக் கேட்க முடிந்தது. 1997இல் டி செல்களுக்கும் இந்தப் பாதிப்பில் பங்கு உண்டு என்பது சுண்டெலிகளில் தெரிந்தது. 2005இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் மற்றொன்றைக் கண்டனர். காயமுற்ற செல்களிலிருந்து வெளிவரும் ஹெச்எம்ஜிபி1 என்னும் புரதம், கிருமி நுழைந்தால் ஒலிக்கும் அதே எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்கிறது. கிருமியே இல்லாத இடத்தில் உடல் தன்னையே தாக்கிக்கொள்வதன் காரணம் இதனால் விளங்கத் தொடங்கியது.

குளிர் பாதுகாப்பு

கொடையாளரின் கல்லீரலைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துச் செல்வதும் இரத்த ஓட்டத் தடையே. குளிர் காரணமாகச் செல்கள் மெதுவாக இயங்கி நீண்ட நேரம் தாங்குகின்றன. ஆனால் குளிரில் நேரும் பாதிப்பு வெதுவெதுப்பான நிலையில் நேர்வதிலிருந்து வேறுபட்டது. 1988இல் டொராண்டோவில் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் குழு எலிக் கல்லீரல்களில் ஆராய்ந்தபோது, குளிர்ச் சேமிப்பில் முதலில் கெடுபவை நுண்ணிய இரத்தக் குழல்களின் உட்சுவர்ச் செல்களே என்று தெரிந்தது. வெதுவெதுப்பான தடையிலோ கல்லீரல் செல்களே பெரிதும் பாதிக்கப்படுகின்றன.

1980களின் நடுப்பகுதி வரை கொடைக் கல்லீரலைச் சில மணி நேரத்திற்குள் பொருத்தியாக வேண்டும். அறுவைக் குழுக்கள் நள்ளிரவிலும் விரைந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் போல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் புதிய சேமிப்புக் கரைசலை உருவாக்கினர். அதில் வைத்த நாய்க் கல்லீரல்கள் 24 முதல் 48 மணி நேரத்திற்குப் பின்னும் இயங்கின. அதே ஆண்டுகளில் இக்கரைசல் மனிதக் கல்லீரல்களுக்கும் பயன்பட்டு, சேமிப்பு நேரம் பெரிதும் நீண்டது. தொலைவிலுள்ள நகரங்களுக்கு உறுப்பை அனுப்பவும், அறுவையைத் திட்டமிட்டுச் செய்யவும் முடிந்தது. நாய் தந்த விடை நேராக மனிதருக்குப் பயன்பட்ட மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இது.

முன்பழக்கம்

1986இல் சார்லஸ் மரி, ராபர்ட் ஜென்னிங்ஸ், கீத் ரீமர் ஆகியோர் நாயின் இதயத்தில் வியப்பான ஒன்றைக் கண்டனர். இதயத் தமனியை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தபின் 40 நிமிடம் அடைத்தபோது, இறந்த தசையின் அளவு முன்பழக்கம் இல்லாத நாய்களில் இருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. சிறு இடரைத் தாங்கிய திசு பேரிடருக்கு ஆயத்தமாகிறது.

1990களில் எலிக் கல்லீரலிலும் இது உண்மை என்று தெரிந்தது. 2000இல் பியர் அலென் கிளாவியானும் குழுவினரும் இதை மனிதருக்குக் கொண்டுவந்தனர். 10 நிமிடம் இரத்தத்தை நிறுத்தி, 10 நிமிடம் விட்டு, பின்பு 30 நிமிடம் நிறுத்தி அறுவை செய்தபோது நொதிக் கசிவு குறைந்தது. 2003இல் 100 நோயாளிகளிடம் செய்த ஒப்பீட்டிலும் நன்மை தெரிந்தது. எனினும் வயது முதிர்ந்தோரிடம் அந்த நன்மை குறைவாக இருந்தது. பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. இதற்கிடையே, 15 நிமிடம் பிடித்து 5 நிமிடம் விடும் இடைவிட்ட முறை, தொடர்ந்து பிடிப்பதைவிடப் பாதுகாப்பானது என்று 1999இல் பிரான்சில் ஜாக் பெல்கிட்டியின் குழு 86 நோயாளிகளிடம் செய்த ஒப்பாய்வு காட்டியது. பல அறுவை மருத்துவர்கள் இன்று பின்பற்றுவது இதுவே.

மாதிரிகளின் குறைகள்

எலிகளிலும் சுண்டெலிகளிலும் கல்லீரலைக் காத்த மருந்துகள் ஏராளம். அவற்றுள் மனிதரிடம் பயன் நிறுவப்பட்டவை மிகச் சிலவே. இதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, ஆய்வக விலங்குகள் பெரும்பாலும் இளமையும் நலமும் உடையவை. அறுவை மேசைக்கு வரும் மனிதர்களோ முதியோர், நீரிழிவு உள்ளோர், கொழுப்பு படிந்த அல்லது சுருங்கிய கல்லீரல் உடையோர். கொழுப்புக் கல்லீரல் இரத்தத் தடையைக் குறைவாகவே தாங்கும் என்பது பருத்த எலிகளில் செய்த சோதனைகளிலும் தெரிந்தது.

இரண்டாவது, விலங்குக்கு மருந்து பெரும்பாலும் தடைக்கு முன்பே கொடுக்கப்படுகிறது. விபத்தில் காயமுற்றவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க இயலாது.

மூன்றாவது, மயக்க மருந்து, உடல் வெப்பநிலை, விலங்கின் பால், இனம், உணவு, கவ்வி இடும் இடம் ஆகிய சிறு வேறுபாடுகளும் முடிவை மாற்றுகின்றன. அறுவையின்போது சுண்டெலியின் உடல் சில பாகை குளிர்ந்துபோனாலே பாதிப்பு பெருமளவு குறைந்துவிடும். அப்போது அந்தப் பயன் மருந்தால் வந்ததா, குளிரால் வந்ததா என்று சொல்ல முடியாது. விலங்குச் சோதனைகளை எப்படி முழுமையாக விவரித்து வெளியிட வேண்டும் என்ற அரைவ் நெறிமுறைகள் 2010இல் வெளிவந்தன.

அறநெறி

இவ்வறிவுக்கு விலங்குகள் கொடுத்த விலை பெரிது. பிரிட்டனில் விலங்குச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1876இலேயே வந்தது. 1959இல் வில்லியம் ரஸ்ஸலும் ரெக்ஸ் பர்ச்சும் மூன்று நெறிகளை முன்வைத்தனர்: இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்று காண்பது, எண்ணிக்கையைக் குறைப்பது, வலியைத் தணிக்கும் வகையில் முறையைச் செம்மைப்படுத்துவது. இந்தியாவில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது கொண்டுவந்த தனிநபர் மசோதாவே இதற்கு வழி திறந்தது. இந்திய ஆய்வகங்களில் நடக்கும் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழு இச்சட்டத்தின்கீழ் அமைந்ததே.

அறநெறியும் அறிவியலும் இங்கே ஒரே திசையில் நிற்கின்றன. மோசமாகத் திட்டமிட்ட சோதனையில் விலங்கின் உயிரும் வீண், கிடைக்கும் விடையும் வீண்.

இன்றைய நிலை

கல்லீரல் இரத்தத் தடை ஆய்வில் இன்று நாய்கள் அரிதாகவே பயன்படுகின்றன. செல் அளவிலான கேள்விகளுக்குச் சுண்டெலியும் எலியும், கருவிகளையும் அறுவை உத்திகளையும் சோதிக்கப் பன்றியும் பயன்படுகின்றன. பன்றிகளில் நெடுங்காலம் சோதிக்கப்பட்ட இயந்திர ஓட்ட முறை இப்போது மருத்துவமனைகளுக்கு வந்துள்ளது. இதில் கல்லீரலைப் பனிக்கட்டியில் வைப்பதற்குப் பதிலாக, இயந்திரம் அதனூடே இரத்தத்தையோ ஆக்சிஜன் ஏற்றிய கரைசலையோ ஓடவிடுகிறது.

2018இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 220 மாற்று அறுவைகள் இடம்பெற்றன. உடல் வெப்பநிலையில் இயந்திரத்தில் வைத்த கல்லீரல்களில் நொதிக் கசிவு பனிக்கட்டி முறையைவிடப் பாதியாக இருந்தது. 2021இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் மருத்துவர்கள் தலைமையில் 156 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் குளிர்நிலை ஆக்சிஜன் ஓட்டம் பயன்பட்டது. பித்தநாளச் சுருக்கம் வழக்கமான முறையில் 18 விழுக்காட்டினருக்கும், இயந்திர முறையில் 6 விழுக்காட்டினருக்கும் மட்டுமே ஏற்பட்டது. 2020இல் சூரிச் நகரில், மாற்று அறுவைக்கு ஏற்றதல்ல என்று ஒதுக்கப்பட்ட மனிதக் கல்லீரல்களை இயந்திரத்தில் ஒரு வாரம் உயிரோடு வைத்திருக்க முடிந்தது. அம்முறைக்கு முன்னோடியாக இருந்தவை பன்றிக் கல்லீரல்களே.

இவ்வாறு ஒதுக்கப்பட்ட மனிதக் கல்லீரல்கள் இப்போது தாமே ஆய்வு மாதிரிகளாகிவருகின்றன. முதுமை, கொழுப்பு, நோய் என எலியிடம் இல்லாத பல நிலைகள் அவற்றில் உண்டு. ஆனால் குடலும், நோய் எதிர்ப்பு மண்டலமும், மீண்டு நடமாடும் முழு உடலும் இயந்திரத்தில் இல்லை. ஆகவே எலியும் பன்றியும் இன்னும் தேவைப்படுகின்றன. எந்த மாதிரியிலிருந்து விடை கிடைத்தாலும், அந்த விடையில் எவ்வளவு கல்லீரலுடையது, எவ்வளவு அந்த மாதிரிக்கே உரியது என்று முதலில் பிரித்துப் பார்ப்பது இத்துறையில் இன்று அடிப்படைக் கடமையாகக் கருதப்படுகிறது.